எவ்வளவு நேரம் என்று சொல்லாத பக்கம்

படித்துக்கொள், எல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேன். மதியச் சாப்பாடு முடிந்து கண் செருகுகிற நேரம். என் மேசையில் வேறு மூன்று வேலைகள் கிடந்தன, போதாததற்குக் கழுத்து வலி. அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு அது பத்தொன்பதாவது வருஷம். பால் சங்கங்களில் வைக்கிற சிறிய இயந்திரங்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து, திரையில் காட்டி, ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரம். இதைச் செய்ய இத்தனை பேரா என்று என் கணவர் கேட்பார். இத்தனை பேர் இருந்தும் சரியாக வருவதில்லை என்பேன்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பாறசாலைக்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அப்பா வாழை விவசாயம். வீட்டிலும் சர்ச்சிலும் தமிழ், பத்தாவது வரை பள்ளிக்கூடத்தில் மலையாளம், அதற்கப்புறம்தான் ஆங்கிலம். அலுவலகத்தில் எல்லோரும் என்னைச் சேச்சி என்று கூப்பிடுவார்கள். நான் வலியசாலை அக்கிரகாரத்துக்காரி, வீட்டில் தமிழ் என்று தெரிந்த அன்றே அவள் மட்டும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் அம்மாவின் வயது எனக்கு. ஆனாலும் அக்கா என்பது நன்றாகத்தான் இருந்தது. மதியம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். மீன் கொண்டுவந்த நாளில் மட்டும், நான் எத்தனை சொன்னாலும் கேட்காமல், இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவாள்.

அப்போது எங்களுக்கு வந்திருந்த தலைவலி இதுதான். சங்கங்களில் இயந்திரத்தை மாதக்கணக்கில் அணைப்பதே இல்லை. நாளாக ஆக அதன் நினைவகம் நிரம்பி ஒரு நாள் அப்படியே நின்றுவிடும். இயந்திரத்தின் நினைவகத்தை எல்லா வேலைகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது இயக்க முறைமையின் கெர்னல். நாங்கள் பயன்படுத்துவது யாரும் எடுத்து ஆளலாம் என்று உலகம் முழுவதிலும் பலர் சேர்ந்து எழுதிவைத்திருக்கும் ஒன்று. அதில் நினைவகத்தைக் கண்காணிக்கிற ஒரு பகுதி உண்டு. எந்தப் பகுதி அடிக்கடி தொடப்படுகிறது, எது வெகுநேரமாகச் சும்மா கிடக்கிறது என்று அது பார்த்துச் சொல்லும். சும்மா கிடப்பதைத் தூக்கி, வேகம் குறைந்த சேமிப்பில் போடு என்று அதற்கே உத்தரவும் போட்டுவைக்கலாம். அதைச் செய்துவிட்டால் இயந்திரம் நிற்காது. அந்த வேலையைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். மேற்பார்வை நான்.

நான் அனுப்பியது அந்தப் பகுதியின் அறிமுகப் பக்கம். மூன்று நாள் அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிற போக்கில் ஒருமுறை, புரிந்ததா என்று கேட்டேன். மனசிலாச்சு அக்கா என்றாள். வேறு என்ன சொல்வாள்? நாலு மாதத்துப் பெண், பத்தொன்பது வருஷக்காரி நின்றுகொண்டே கேட்கிற கேள்விக்கு. எழுதியதைக் கொண்டுவந்து காட்டினாள். நிரல் சுத்தமாக இருந்தது. எங்கள் குழுவில் அவளைப்போல் நிரலைப் படிக்கிறவர்கள் இல்லை என்று அப்போதே நினைத்தேன். அமைப்புக் கோப்பில் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தால் தூக்கிப் போடவேண்டும் என்ற இடத்தில் முந்நூறு என்று போட்டிருந்தாள். அதன்மேல் என் கண் ஓடிக் கடந்துபோயிற்று. சரி என்றேன்.

அது சங்கங்களுக்குப் போய்ப் பத்து நாளில், மலைப்பக்கத்து விதுராவை ஒட்டிய சங்கம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. இயந்திரம் நிற்கவில்லை, ஆனால் உறைந்து உறைந்து எழுந்திருக்கிறது என்றார்கள். நேரில் போய்ப் பார்த்து வரும்படி அவளையும் என்னையும் அனுப்பினார்கள். தம்பானூரிலிருந்து பஸ். நெடுமங்காடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். வழி முழுக்க அவள் மடிக்கணினிப் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டே வந்தாள். நான் பாதி வழி தூங்கிவிட்டேன்.

சாயங்காலப் பால் எடுக்கிற வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு ஓட்டு அறை, ஈரத் தரை, பால் வாசனை. வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். முதல் பாத்திரம் வந்தது, அளந்தது, சீட்டு வந்தது. சங்கத்துச் செயலாளர் அந்த ஆளிடம் மாட்டுக்கு ஊசி போட வருகிறவர் எப்போது வருவார் என்று கொஞ்சம் பேசிவிட்டு அடுத்த பாத்திரத்தை வாங்கினார். திரை அப்படியே நின்றது. எல்லோரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கைவிரலால் ஒன்று இரண்டு என்று எண்ணி இருபதுக்கு மேல் போனபிறகு உயிர் வந்தது. அடுத்த பாத்திரத்துக்கும் அப்படியே. தலையில் துண்டைப் போட்டிருந்த ஒரு அம்மா, பழைய இயந்திரம் மாதத்தில் ஒரு நாள்தான் படுத்தும், இது தினமும் படுத்துகிறது என்று மலையாளத்தில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு வீட்டில் இன்னொரு மாடு கறக்கக் காத்திருந்ததாம்.

அவள் மடிக்கணினியை இயந்திரத்தோடு இணைத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, அரை நிமிஷம் சும்மா இருந்தாலே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுகிறது, தான் வைத்தது ஐந்து நிமிஷம் என்றாள். ஏன் என்று அங்கே நின்று யோசிக்க முடியவில்லை. அந்த வசதியை மொத்தமாக அணைத்துவிட்டோம். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. செயலாளர் எங்களுக்குப் பாலில்லாத கட்டன் சாயா வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். எங்களோடு சேர்த்து ஆறு பேர். மேலாளர் என்னைவிடப் பத்து வயது சிறியவர், மோசமான மனிதர் இல்லை. இயந்திரம் வாங்கிய நிறுவனத்திலிருந்து அவருக்கு அன்று காலையில்தான் காட்டமாக ஒரு கடிதம் வந்திருந்தது. அதற்குள் காரணத்தை அவளே தோண்டி எடுத்திருந்தாள். கெர்னலின் நிரலைப் படித்துக் கண்டுபிடித்தாள். முந்நூறு என்று அவள் போட்டது நொடிக் கணக்கில். ஆனால் கெர்னல் அதை நொடியாக எண்ணுவதில்லை. பார்வையிடுகிற சுற்றுகளாக எண்ணுகிறது. ஒரு சுற்று நொடியில் பத்தில் ஒரு பங்கு. முந்நூறு சுற்று என்றால் முப்பது நொடி. இதை எழுந்து நின்று சொன்னாள். சொல்லும்போது குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று.

"டாக்குமென்டேஷன் வாயிச்சில்லே?" என்று மேலாளர் கேட்டார், விளக்கப் பக்கத்தைப் படிக்கவில்லையா என்று.

"வாயிச்சு சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். சேச்சி, அதிலெல்லாம் இது இருக்கும் அல்லவா என்று மலையாளத்தில் கேட்டார்.

"உண்டு" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் நான் அந்தக் கூட்டத்தில் பேசியது. பொய் சொல்கிறேன் என்று நினைத்துச் சொல்லவில்லை. இருக்கும் என்றுதான் நம்பினேன். இருக்கவேண்டியது இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு பழக்கம். ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளை அந்த வேலையிலிருந்து எடுத்து, அச்சாகும் சீட்டில் எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்கிற வேலையில் போட்டார்கள். தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் சீட்டுகளை அச்சடித்து அடுக்கிவைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசை. மீன் இல்லாத நாளிலும். எதிர்ப்பட்டால் சிரிப்பாள், அக்கா என்பாள், நிற்கமாட்டாள்.

அந்த வேலை என் தலையில் விழுந்தது. சரி, அந்தச் சுற்றுக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நான் பல வருஷத்துக்கு முன்னால் இதையெல்லாம் கற்றுக்கொண்டபோது இந்தப் பக்கமே கிடையாது. நானும் நிரலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு அதையும் மறந்துவிட்டேன்.

முதல் வாக்கியம் ஐந்து வரி. இது துல்லியமானது, சுமை குறைந்தது, எத்தனை பெரிய இயந்திரத்துக்கும் பொருந்துவது என்று பெருமை எல்லாம் வந்தபிறகும் என்ன செய்கிறது என்பது வரவில்லை. இரண்டாவது பத்தி இன்னும் மூன்று பக்கங்களுக்குப் போகச் சொன்னது. மூன்றாவதில், ஒரு பகுதி எவ்வளவு நேரமாக ஒரே நிலையில் இருக்கிறதோ அது அதன் வயது என்று இருந்தது. எவ்வளவு நேரம் என்றால் எதில்? நொடியிலா? சுற்றிலா? தேடிக்கொண்டே போனேன். நாலு பக்கம் தாண்டி, வேறொரு பக்கத்தில், ஒரு பட்டியலின் நடுவில், அடைப்புக்குறிக்குள் பாதி வாக்கியமாக அது இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, எதைத் தேடுகிறோம் என்று முன்னாலேயே தெரிந்திருக்கவேண்டும்.

அன்று கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அவளுக்குப் புரியவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அந்த அறிமுகத்தைத் திருத்தி எழுதி அனுப்பலாம் என்று எப்போது முடிவு செய்தேன் என்று தெரியவில்லை. அந்தக் கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அதைக் கவனிக்கிறவர்கள் இருக்கிற மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினால் அவர்கள் படித்துப் பார்த்து, பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற உற்சாகம் எல்லாம் இல்லை. கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு, வரிவரியாக வெட்டிக்கொண்டிருந்தேன். எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நினைவகத்தில் எந்தப் பகுதி பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்று இது பார்க்கும். எல்லா நேரமும் பார்க்காது, விட்டு விட்டுப் பார்க்கும். பார்த்ததை வைத்து என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் சொல்லிவைக்கலாம். ஐந்து வரி மூன்று சின்ன வாக்கியங்கள் ஆயிற்று.

முதல் தடவை அனுப்பியது வடிவம் சரியில்லை என்று திரும்பி வந்தது. என் மின்னஞ்சல் செயலி வரிகளை மடித்துவிட்டிருந்தது. இரண்டாம் தடவை, ஒரே திருத்தமாக அனுப்பாதே, நாலாகப் பிரித்து அனுப்பு என்று பதில் வந்தது. பிரித்து அனுப்பினேன். அதற்கு யாரோ ஒருவர், இங்கே வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும், குழந்தைகளுக்கு எழுதுவதுபோல் எழுதவேண்டியதில்லை என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு எதற்கு இது என்று இருந்தது. பாத்திரம் தேய்க்க ஆள் வராத வாரம் அது.

அந்தப் பகுதியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவர் அப்புறம் எழுதினார். நேரில் பார்த்ததில்லை, எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் சரியாகத் தெரியாது. பணிவாக எழுதுவார். எளிமைப்படுத்துவது நல்லது, ஆனால் பயன்படவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு என்றார். விட்டு விட்டுப் பார்க்கிற ஒன்று, நடுவில் நடந்ததைத் தவறவிடக்கூடும். ஆகவே பயன்பட்டதைப் பார்க்கவில்லை என்றுதான் அதனால் சொல்லமுடியும், பயன்படவில்லை என்று சொல்லமுடியாது. அவர் சொன்னது சரி. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று வெட்டிக்கொண்டே போனதில் பொய் எழுதியிருந்தேன். பார்த்த வரையில் என்று நான் வெட்டிய இரண்டு சொற்களைத் திரும்பச் சேர்த்தேன்.

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். புதிதாக வருகிற யாராவது இதைப் படித்துப் பார்த்தார்களா?

இல்லை. நான்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் அவள் மேசைக்குப் போனேன். கன்னடச் சீட்டுகளுக்கு நடுவில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அக்கா. எனக்கு அதப் பாத்தாலே என்னவோ மாதிரி வருது."

சரி என்று வந்துவிட்டேன். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று இருந்தது. நாலைந்து நாள் கழித்து, சாயங்காலம் எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் அவளே வந்து நின்றாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, காட்டுங்கள் என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் எழுதியதை மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. அப்படிக் கேட்கும்போதுதான் என் மூன்று வாக்கியங்களில்கூட ஒன்று நீளம் என்று தெரிந்தது. வயது என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். நான் அங்கே சுற்று, நொடி இல்லை என்று சேர்க்கவில்லை. அறிமுகத்தில் அவ்வளவு விவரம் வேண்டாம், பின்னால் இருக்கிறதே என்று விட்டிருந்தேன். நம்பினால் நம்புங்கள், இத்தனைக்குப் பிறகும் அதை விட்டிருந்தேன்.

"இதேதான் அக்கா. இங்கதான் எனக்குத் தப்பாப் போச்சு."

அப்போது புரியாமல் போயிற்றா என்று கேட்டேன்.

"மனசிலாவாம இல்ல. ரெண்டு மாதிரியும் மனசிலாவும் இது. நான் ஒண்ண எடுத்தேன். எனக்குக் கேக்கணும்னு இருந்துது. நீங்க எல்லாம் அதுல இருக்குன்னு சொன்னீங்களா, அப்பறம் எப்பிடிக் கேக்க?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீட்டிங்லயும் உண்டுன்னு சொன்னீங்க. பாத்துட்டா அக்கா சொன்னீங்க?"

"இல்ல. பாக்கலை. பாக்காமதான் சொன்னேன்."

எனக்கு இன்னும் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"தப்பு என்னோடதுதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"செரி அக்கா" என்றாள். மன்னித்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் இல்லை. பேச்சை முடிக்கிற செரி. பிறகு பென்சிலை எடுத்து, நான் அச்சடித்து வைத்திருந்த தாளில், படிக்கும்போது எங்கெங்கே தடுக்கி நின்றாளோ அங்கெல்லாம் கோடு போட்டாள். ஏழு இடம். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாள் காலையில், அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அந்தக் கணக்கு அறிமுகப் பக்கத்தில் சொல்லப்படவில்லை, நான் பார்க்காமலேயே இருக்கிறது என்று சொன்னேன், முந்நூறு என்பதை ஒப்புக்கொண்டு அனுப்பியதும் நான்தான், அந்தப் பெண் எழுதியதில் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாலு வரி. எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவர் கட்டைவிரல் படம் போட்டார். மற்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. மேலாளர் மட்டும் என் மேசைக்கு வந்து, முடிந்துபோன விஷயத்தை எதற்கு சேச்சி கிளறுகிறீர்கள், வெளியே தெரிந்தால் நமக்குத்தான் கெட்டபெயர் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவளைப் பழைய வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். மற்றவர்களின் நிரலைப் பார்த்துச் சரிசொல்கிற பொறுப்பு மட்டும் அடுத்த மாதம் என்னிடமிருந்து வேறு ஒருவருக்குப் போயிற்று. நேர்மையாகச் சொன்னால், எனக்கு அதில் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது.

அந்த ஏழு இடங்களையும் திருத்தினேன். வயது என்பது நொடிகளில் அல்ல, சுற்றுகளில் எண்ணப்படுகிறது என்று தனி வாக்கியமாகப் போட்டேன், ஒரு உதாரணத்தோடு. முந்நூறு என்று போட்டால் ஐந்து நிமிஷம் இல்லை, முப்பது நொடி. நாலாவது தடவையாக அனுப்பத் தயார் செய்தேன். இந்தக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு, குறையைச் சுட்டிக்காட்டியவர் பெயரைத் திருத்தத்தின் அடியில் போடுவார்கள். உன் பெயரைப் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றாள். அந்தப் பெயர் எங்கே வரும், எத்தனை நாள் இருக்கும் என்று விசாரித்தாள். கெர்னல் இருக்கிறவரை இருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள் என்றேன்.

"அப்ப முழுப் பேரு போடுங்க. அப்பாக்க பேரும் சேத்து."

இங்கே யார் பெயரையும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அங்கே எழுதியிருக்கிறேன், முழுசாக, எழுத்துப் பிழை இல்லாமல், அவளே சரிபார்த்துக் கொடுத்தபடி.

அதற்கு இரண்டு மாதம் பதிலே இல்லை. ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். இன்னும் சில வாரம் போயிற்று. இதற்கிடையில் அவள் கொச்சியில் வேறு வேலை தேடிக்கொண்டாள். கெர்னலில் நினைவகத்தைப் பற்றிய வேலைதான், சம்பளமும் கூட. கடைசி நாளில் எல்லோருக்கும் வாழைக்காய் உப்பேரி கொண்டுவந்திருந்தாள், வீட்டுக் காயில் வறுத்தது. என் மேசைக்கும் வந்தாள். போயிட்டு வாறேன் அக்கா என்றாள். நன்றாக இரு என்றேன். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு ஒரு செய்தி அனுப்புவாள், நான் பதில் போடுவேன். முன்னைப்போல் ஆகவில்லை. ஆகவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கும் தெம்பில்லை.

சேர்த்துக்கொண்டோம், நன்றி என்று ஒரு வரி பதில் வந்தபோது பஸ்ஸில் இருந்தேன். உட்கார இடம் கிடைத்திருந்த நாள். இரண்டு தடவை படித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டேன். கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலைக் கடைத்தெருவில் துவரம்பருப்பும் சேனையும் வாங்கிக்கொண்டு, மழைத் தண்ணீரில் செருப்பை இழுத்துக்கொண்டு வலியசாலைக்கு நடந்தேன். வீட்டில் கணவர் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து காப்பி கலந்துகொண்டிருந்தார். அவருக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம். சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னேன். எவ்வளவு எழுதியிருந்தாய் என்று கேட்டார். கணக்குப் பார்த்துச் சொன்னேன். சேர்த்தது பதினாலு வரி, எடுத்தது முப்பத்தொன்று.

"பதினாலு வரிக்காக்கும் ஆறு மாசம் மல்லாடினாய்?"

"ஆமான்னா."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தம்ளரை எடுத்து எனக்கும் காப்பி ஊற்றினார். நான் சேனையைத் தோல் சீவ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை அரித்தது. அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து, மறுநாள் காலையில்தான் அனுப்பினேன். கண்டேன் அக்கா, அப்பாவுக்கும் காட்டினேன் என்று பதில் போட்டிருந்தாள்.

போன மாதம் வேறு எதற்கோ அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முதல் பத்திக்கு மேலே, புதிதாக வந்த ஏதோ ஒரு வசதியைப் பற்றி யாரோ ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். முதல் வாக்கியமே நாலு வரி. இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை. யாரிடமாவது கேட்கவேண்டும்.